அடையாளம் காட்டாமல் வந்து பக்கங்களைக் கெடுப்பவரை எந்தக் கட்டத்தில் தடை செய்ய வேண்டும்?

எல்லாரும் தொகுக்கக்கூடிய ஒரு தளத்தில் நிருவாகியாக இருக்கிறேன். தடைப் பொத்தானைத் தொடும் முன் நான் பார்ப்பது ஒன்றுதான்: இப்போது தடுக்காவிட்டால் இன்னும் சில நிமிடத்தில் வேறொரு பக்கம் கெடுமா? காலையில் நடந்த கூத்துக்கு மாலையில் தடை போட்டு என்ன பயன்? ஆள் எப்போதோ போயிருப்பார். அவர் வந்த ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண், அதற்குள் வேறு யாருக்காவது போயிருக்கும்.

கட்டுரை நடுவே ‘ஹாய் ஹாய்’ என்று எழுதுபவர், நிஜமாகவே மாறுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். பக்கத்தைப் பழையபடி மீளமைத்துவிட்டு, எழுதிப் பழகுவதற்கென்றே இருக்கும் மணல்தொட்டிப் பக்கத்துக்கு வழி காட்டினால் போதும். கெட்ட வார்த்தை எழுதுபவரைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அது யார் கண்ணிலும் உடனே பட்டுவிடும். எனக்குப் பயம் 1956-ஐ 1965 என்று மாற்றிவிட்டு அடுத்த கட்டுரைக்கு நகர்பவரிடம்தான். மாதக்கணக்கில் அது யாருக்கும் தெரியாமல் கிடக்கும். அவருக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்தில் ஆதாரம் கேட்டு எழுதுவேன். அதற்குப் பிறகும் அதே கைவரிசை தொடர்ந்தால், தடைக்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் நாலு எச்சரிக்கை முடியட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

ஒருவர் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப நீக்குகிறாரா? முதலில் அந்தப் பத்தியைப் படியுங்கள். தன்னைப் பற்றிய பொய்யை நீக்கப் போராடும் மனிதராகவும் இருக்கலாம்.

சரி, எவ்வளவு நேரம்? ஆங்கில விக்கிப்பீடியாவில் ஐ.பி. முகவரிகளுக்கு 31 மணி நேரத் தடை பழகிப்போன ஒன்று. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்காருபவரும் அதில் மாட்டிக்கொள்வார். முடிவில்லாத தடையை ஐ.பி.க்குப் போடவே கூடாது. 2006 முடிந்து 2007 பிறக்கும் சமயத்தில் அங்கே ஒரே ஒரு முகவரியைத் தடுக்கப் போய், கத்தார் நாடே ஏறக்குறைய வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அந்நாட்டு இணையப் போக்குவரத்து பெரும்பாலும் அந்த ஒரு முகவரி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம், கைபேசி இணைப்பு எல்லாவற்றிலும் சின்ன அளவில் இதே சிக்கல்தான். அதனால் தடை போடும்போது, கணக்கு வைத்திருப்பவர்கள் அதே முகவரியிலிருந்து தொகுக்க வழி விட்டுத்தான் போடுவேன்.

அப்புறம், பல முகவரிகளிலிருந்து ஒரே பக்கத்தைத் தாக்கினால் ஆளைத் துரத்திக்கொண்டு அலையாதீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் சில நாள் பூட்டிவிடுங்கள்.