டைட்டானியம் பொடியைக் கெட்டிப் பாகமாக்குவது: கேளுங்கள், சொல்கிறேன்

பொடி உலோகவியலில், அதிலும் டைட்டானியத்தில்தான் என் கை பழகியது. இரும்புப் பொடி, டங்ஸ்டன் கார்பைடு என்று கேட்டால் ஒரு வரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

தூரிகை: உருக்கி வார்க்காமல் ஏன் பொடியை ஒட்டவைக்க வேண்டும்?

டைட்டானியம் உருகுவது 1,668 டிகிரி செல்சியஸில். உருகிய பிறகு வைத்த மூசையையே அரித்துவிடும். வார்த்து, அடித்து, கடைந்து முடிப்பதற்குள் பாதிக்கு மேல் சீவலாகப் போவதும் உண்டு. பொடி என்றால் உருக்கவே வேண்டாம். அச்சில் அழுத்தி, 1,200 முதல் 1,350 டிகிரி வரை சில மணி நேரம் வைத்தால் அணுக்கள் நகர்ந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும். இதுதான் சின்டரிங். 1998இல் டொயோட்டா ஆல்டெஸா காருக்கு இன்ஜின் வால்வுகள் இப்படித்தான் வந்தன.

மாணவி: உருண்டைப் பொடியை 600 மெகாபாஸ்கலில் அழுத்தினேன். அச்சிலிருந்து எடுத்ததும் உதிர்ந்துவிட்டது.

உதிரத்தான் செய்யும். கோலிக்குண்டுகளை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றையொன்று பற்றாது. உருண்டைப் பொடி 3டி அச்சுக்கும் ஹிப்புக்கும் உரியது (ஹிப் என்பது சூட்டோடு நாலாபக்கமும் வாயுவால் அழுத்துவது). உங்களுக்கு வேண்டியது, ஹைட்ரஜன் ஏற்றி நொறுக்கி மறுபடி ஹைட்ரஜனை இறக்கிய கோணல்மாணலான பொடி. அதிலும் கலப்புலோகப் பொடி கடினம், சரியாக நசுங்காது. வெறும் டைட்டானியப் பொடி 90 பங்கு, அலுமினியமும் வனேடியமும் 60:40 கலந்த தாய்க்கலவை 10 பங்கு எடுங்கள். உலையில் அது பரவி 6% அலுமினியம், 4% வனேடியம் ஆகிவிடும். மசகை அச்சின் சுவரில் மட்டும் தடவுங்கள். பொடியோடு கலந்தால் கார்பனும் ஆக்சிஜனும் உள்ளே தங்கும்.

பொடிமட்டை: துகள் மேல் ஆக்சைடு படலம் இருக்குமே. அலுமினியத்தைப் போல ஒட்டவிடாமல் தடுக்காதா?

தடுக்காது. சூடேறும்போது டைட்டானியம் தன் ஆக்சைடைத் தானே கரைத்து விழுங்கிவிடும், அதனால் ஒட்டுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் விழுங்கியதில்தான். உள்ளே போன ஆக்சிஜனை எந்தச் சின்டரிங் உலையும் வெளியேற்றாது. பலம் கொஞ்சம் கூடும், ஆனால் வளைந்துகொடுக்கும் தன்மை போய்விடும். கிரேடு 5க்கு (மேலே சொன்ன 6% அலுமினியம், 4% வனேடியம் கலவைதான்) ஆக்சிஜன் வரம்பு 0.20%, அதே கலவையின் தூய வகையான கிரேடு 23க்கு 0.13%. பொடி எவ்வளவு நுண்மையோ அவ்வளவு மேற்பரப்பு, அவ்வளவு ஆக்சிஜன்.

உலைக்காரன்: ஆர்கானில் சின்டர் செய்யலாமா?

வெற்றிடம்தான். ஆர்கான் டைட்டானியத்தில் கரையாது. துளை மூடும்போது உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியே இல்லை.

புதியவன்: சிந்திய பொடியைச் சாதாரண வாக்கும் கிளீனரால் எடுக்கலாமா?

கூடவே கூடாது. மோட்டாரின் ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு இரண்டும் வேண்டாம். டைட்டானியம் நைட்ரஜனிலேயே எரியும். உலோகத் தீக்கான டி வகை அணைப்புப் பொடி அல்லது நன்றாகக் காய்ந்த மணல்.

பொடிமட்டை: ஹைட்ரஜனை இறக்காமல் ஹைட்ரைடையே (ஹைட்ரஜன் ஏறிய டைட்டானியத்தையே) அழுத்துகிறவர்களும் இருக்கிறார்களே? அதில் 4% ஹைட்ரஜன். கிரேடு 5இன் வரம்போ 0.015%!

உலைக்காரன்: அதானே. வெல்டிங்கில் பார்த்திருக்கிறேன், ஹைட்ரஜன் வந்தாலே விரிசல்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெல்டில் புகுந்த ஹைட்ரஜனுக்கு வெளியேற நேரமும் இல்லை, வெற்றிடமும் இல்லை. உலையில் இரண்டும் உண்டு. 400இலிருந்து 800 டிகிரிக்குள் பெரும்பாலும் போய்விடும், மிச்சம் சின்டரிங் சூட்டில் போகும். ஹைட்ரஜன் விருந்தாளி, ஆக்சிஜன் குடியேறி. பயப்படுவதென்றால் இரண்டாவதற்குப் பயப்படுங்கள்.

லாபமும் இருக்கிறது. ஹைட்ரைடு நொறுங்கும் இயல்புள்ளது, அழுத்தும்போது உடைந்து இடுக்குகளை நிரப்பும். ஹைட்ரஜன் வெளியேறும்போது படிக அமைப்பு குலைந்து குறைகள் நிறைந்திருக்கும். அணுக்கள் நகர அது வசதி. கீவ் ஆய்வாளர்கள் நெடுங்காலம் உழைத்த வழி இது. 98, 99% அடர்த்தி கிடைக்கும். ஆனால் ஹைட்ரைடின் அடர்த்தி 3.75, டைட்டானியத்தினுடையது 4.5. கணக்குப் போட்டால் ஒவ்வொரு துகளும் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உலைக்காரன் சொன்ன விரிசல் நிஜமாகவே வரும். பம்ப் வெளியே தள்ளுவது எரியக்கூடிய ஹைட்ரஜன் என்பதையும் மறக்காதீர்கள்.

பொடிமட்டை: 99% வந்துவிட்டால் ஹிப் எதற்கு? வீண் செலவு.

இழுவைச் சோதனைக்கு மட்டும் என்றால் வீண்தான். உலோகச் சோர்வு அந்த மீதி 1% துளையில்தான் தொடங்கும். 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல், இரண்டு மணி நேரம் கொடுத்தால் உள்துளைகள் மூடும். மேற்பரப்போடு தொடர்புள்ளவை மூடாது, வாயு உள்ளேயே போய்விடும்.

உலைக்காரன்: அப்படியானால் ஆர்கானில் சின்டர் செய்து ஹிப்பில் மூடிவிட்டால்?

விடமாட்டீர்கள் போல. மூடியது போலத் தெரியும். அடுத்த வெப்பப் பதப்படுத்தலில் மாட்டிய ஆர்கான் விரிந்து துளை திரும்பி வரும்.

மாணவி: உலையில் பாகத்தை அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தட்டில் வைக்கலாமா?

வேண்டாம், வினைபுரியும். இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) பூசிய தட்டு அல்லது மாலிப்டினம்.

கம்பி: ஆர்கானில்…

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

தூரிகை: எந்த 3டி அச்சு இயந்திரம் நல்லது?

அச்சு இயந்திரம் பயன்படுத்துகிறவரைக் கேளுங்கள்.

புதியவன்: மூடி சரியாக இல்லாத டப்பாவில் இரண்டு வருடப் பழைய நுண்பொடி இருக்கிறது. பயன்படுமா?

ஆக்சிஜனை அளந்து, எண்ணோடு வாருங்கள். அதுவரை வாக்கும் கிளீனர் பக்கம் போகாதீர்கள்.