1944இல் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகளைப் பிரிட்டன் வேண்டுமென்றே தென் லண்டன் பக்கம் திருப்பிவிட்டதா?

ஓரளவு உண்மை. ஆனால் "திருப்பிவிட்டது" என்பது கொஞ்சம் மிகை. ஏற்கெனவே தென் லண்டனில் விழுந்துகொண்டிருந்த குண்டுகளை அங்கேயே விழ விட்டார்கள் என்று சொல்வதுதான் சரி.

வி-1 என்ற அந்தப் பறக்கும் குண்டு ஆளில்லாத சிறு விமானம். அதில் சுமார் 850 கிலோ வெடிமருந்து இருக்கும். நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரே வாரத்தில், 1944 ஜூன் 13 அன்று, முதல் குண்டு லண்டனில் விழுந்தது. குண்டின் மூக்கில் சின்னக் காற்றாடி ஒன்று சுற்றிக்கொண்டே வரும். முன்கூட்டியே குறித்துவைத்த சுற்றுக்கணக்கு முடிந்ததும் குண்டு தலைகுப்புறக் கவிழும், எரிபொருள் தடைபட்டு எஞ்சின் நின்றுவிடும். தலைக்கு மேல் கடகடவென்று போகும் சத்தம் சட்டென்று நின்றால், பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் பக்கத்தில் எங்கோ வெடிக்கப்போகிறது என்று லண்டன்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் அது எங்கே விழுந்தது என்பது ஏவியவர்களுக்குத் தெரியாது. லண்டன் வானத்தில் ஜெர்மன் வேவு விமானங்கள் நுழைவது அப்போது மிகவும் அரிது. பிரிட்டிஷ் பத்திரிகைகளும் "தென் இங்கிலாந்து" என்பதற்கு மேல் இடம் சொல்லக் கூடாது. ஆகவே லண்டனில் இருந்த தங்கள் உளவாளிகளைக் கேட்டார்கள். அந்த உளவாளிகளோ பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 சொன்னதை எழுதி அனுப்புகிறவர்கள்!

ஜெர்மானியர்கள் குறிவைத்தது லண்டன் நடுவில் உள்ள டவர் பிரிட்ஜை. குண்டுகளோ சராசரியாக அதற்குத் தெற்கே, டல்லிச் பக்கம் விழுந்துகொண்டிருந்தன. இதைக் கவனித்த விஞ்ஞானி ஆர்.வி. ஜோன்ஸ் ஒரு யோசனை சொன்னார்: வடக்கே தள்ளி விழுந்த குண்டின் இடத்தையும், தெற்கே விழுந்த வேறொரு குண்டின் நேரத்தையும் சேர்த்து ஒரே தகவலாக அனுப்பலாம். எந்த நேரத்தில் ஏவினோம் என்பது ஜெர்மானியர்களுக்குத் தெரியுமாகையால் நேரம் பொருந்த வேண்டும். இடமும் உண்மையாகவே குண்டு விழுந்த இடம்தான். இரண்டையும் ஒட்டிவைத்ததில்தான் பொய் இருந்தது. குண்டுகள் தெற்கே பிரான்சிலிருந்து வருவதால், குறி தாண்டி வடக்கே போகிறது என்று நம்பி அவர்கள் தூரத்தைக் குறைப்பார்கள், குறைந்தபட்சம் கூட்டமாட்டார்கள்.

ஜோன்ஸ் படித்த பள்ளி டல்லிச்சில்தான் இருந்தது. அவருடைய பெற்றோர் குடியிருந்ததும் அதே பகுதி. தெரிந்துதான் சொன்னார். எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் கனமாகப் படுவது இதுதான்.

மந்திரிசபையில் இதற்கு எதிர்ப்பு வந்தது. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், எந்தப் பகுதி மக்கள் சாக வேண்டும் என்று தீர்மானிக்க அரசாங்கத்துக்கு உரிமை இல்லை என்ற நிலையில் நின்றார். ஆனாலும் பொய்த் தகவல்கள் தொடர்ந்தன. தென் லண்டன் மக்களுக்கு இது எதுவும் தெரியாது; 1970களில்தான் வெளியே வந்தது.

நான் குடியிருப்பது தென் லண்டனில் லூயிஷம் பக்கம். போர்க்காலத்தில் லண்டன் கவுன்சில் சேதத்தைக் குறித்துவைத்த வரைபடங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. முற்றிலும் அழிந்த வீட்டுக்குக் கறுப்பு, சீர்செய்ய முடியாததற்கு ஊதா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள். வி-1 விழுந்த இடத்தில் பெரிய வட்டம், பின்னால் வந்த வி-2 ராக்கெட் என்றால் சின்ன வட்டம். ஒரு பெரிய வட்டத்தைத் தேடி நடந்து பாருங்கள். நூறாண்டு தாண்டிய செங்கல் வீடுகள் வரிசையாக வந்து, திடீரென்று நின்று, நடுவில் 1950களில் கட்டிய அடுக்குமாடி ஒன்று நிற்கும். அப்புறம் பழைய வரிசை மறுபடி தொடரும். லூயிஷம் கடைத்தெருவிலேயே 1944 ஜூலை 28, வெள்ளிக்கிழமை காலை, சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு வி-1 விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்னும் தெற்கே உள்ள கிராய்டனில் மட்டும் சுமார் 140 விழுந்தன.

சரி, தந்திரம் பலித்ததா? சில வி-1களில் ஜெர்மானியர்கள் வானொலிக் கருவி பொருத்தியிருந்தார்கள். குண்டு லண்டன் மையத்துக்கு முன்பே விழுகிறது என்று அவை சரியாகவே காட்டின. ஆனால் உளவாளிகள் சொன்னதைத்தான் அவர்கள் நம்பினார்கள். எத்தனை உயிர் இதனால் பிழைத்தது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மக்கள் நெருக்கம் மிகுந்த மையப் பகுதி தப்பியது என்பதால் மொத்தச் சாவு குறைந்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். அதற்காக மாரிசன் எழுப்பிய ஆட்சேபத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இறந்தவர்களுக்கு எச்சரிக்கைகூடக் கொடுக்கப்படவில்லை.

அதிகம் பேரைக் காப்பாற்றியது என்னவோ பீரங்கிகள்தான். ஜூலை நடுவில் லண்டனைச் சுற்றியிருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகளை ஒட்டுமொத்தமாகக் கடற்கரைக்கு நகர்த்தினார்கள். புதிய ரேடாரும், இலக்கின் அருகில் போனதும் தானே வெடிக்கும் குண்டுகளும் சேர்ந்துகொள்ள, ஆகஸ்ட் 28 அன்று கரையை நெருங்கிய 90க்கும் மேற்பட்ட வி-1களில் 4 மட்டுமே லண்டனை எட்டின. அப்படியிருந்தும் வி-1களால் பிரிட்டனில் இறந்த பொதுமக்கள் ஆறாயிரத்துக்கும் மேல்.

செப்டம்பர் 8 அன்று மேற்கு லண்டனின் சிசிக்கில் லண்டனின் முதல் வி-2 விழுந்தது. ஒலியைவிட வேகமாக வந்த அந்த ராக்கெட்டைப் பீரங்கியாலும் தடுக்க முடியாது, விமானத்தாலும் முடியாது. கையில் மிஞ்சியது அதே பொய்த் தகவல்தான். அதை மறுபடியும் பயன்படுத்தினார்கள். இந்த முறை குண்டுகள் விழும் சராசரி இடம் கிழக்கே நகர்ந்தது.