கேள்வி பதில்: விழுந்தால் தூக்கிவிடுமா ரோபோ?

கேள்வி: எண்பது வயது அப்பா தனியாக இருக்கிறார். மனித உருவ ரோபோ ஒன்றை வாங்கி வைத்தால் உதவியாக இருக்குமா? அவர் விழுந்தால் தூக்கிவிடுமா?

பதில்: தூக்கிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். தான் விழாமல் நிற்பதே அதற்குப் பெரும்பாடு.

ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார், அது எவ்வளவு திரும்பியது என்று சொல்ல ஒரு சென்சார். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நடுவில் இருக்கும் ஜைரோஸ்கோப் சொல்லும். இவற்றையெல்லாம் நொடிக்குப் பல நூறு முறை கணக்கிட்டுத்தான் அது 'சும்மா' நிற்கிறது. தொழிற்சாலையில் உள்ள இயந்திரக் கைக்கு மின்சாரத்தை நிறுத்தினால், பிரேக் பிடித்து அப்படியே நின்றுவிடும். இரண்டு கால் ரோபோவுக்கு நிறுத்தினால்? பொத்தென்று சரியும். சீன நிறுவனமான யூனிட்ரீயின் ஜி1 என்ற மனித உருவ ரோபோ சிறியதுதான், அதுவே சுமார் 35 கிலோ. அப்பாவின் மேல் விழுந்தால் யோசித்துப் பாருங்கள்.

நடையைவிடக் கடினமானது கை. நான் இருபது வருடம் மோட்டார் கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். ஒருமுறை இயந்திரக் கைக்குக் காகிதக் கப்பைப் பிடிக்கப் பழக்கினோம். காலிக் கப்பைக் கசக்கியது. சரி என்று பிடியைத் தளர்த்தித் தண்ணீர் ஊற்றினால், நழுவ விட்டது. இரண்டுக்கும் ஒத்துவரும் பிடியைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. கப்பின் அளவை மாற்றியதும் மறுபடி முதலிலிருந்து! 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிஆர்2 என்ற இரு கை ரோபோ துண்டு மடித்தது. ஒரு துண்டுக்குச் சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல். இப்போது வேகம் எவ்வளவோ கூடிவிட்டது. ஆனாலும் ஒரு மனிதரைக் காயப்படாமல் தரையிலிருந்து தூக்குவது வேறு கதை.

இன்னொன்று. 2025இல் வீட்டுக்கென்றே அறிவிக்கப்பட்ட நியோ ரோபோவுக்குத் தெரியாத வேலை வந்தால், நேரம் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் ஆள் ஒருவர் எங்கிருந்தோ அதன் கேமரா வழியே பார்த்து அதை இயக்குவார். அதாவது உங்கள் அப்பாவின் அறையை முகம் தெரியாத ஒருவர் பார்ப்பார். அப்பாவுக்கு அது சம்மதமா? அவரைத்தான் கேட்க வேண்டும். விழுந்தால் உங்களுக்குத் தகவல் சொல்லத்தான் வேண்டும் என்றால், விழுவதை உணரும் கைக்கடிகாரம் போதும்.

கேள்வி: பிறகு எதற்கு மனித உருவம்? சக்கரம் வைத்துவிட்டால் போயிற்றே?

பதில்: சமதளம் என்றால் நானும் சக்கரத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். 2014இல் வந்த பெப்பர் ரோபோவுக்கு இடுப்புக்கு மேலேதான் மனித உருவம், கீழே சக்கரம். ஆனால் படி, கதவுப்பிடி, சுவிட்ச், அலமாரி எல்லாம் நம் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. ஹோண்டா 2000இல் அசிமோ என்ற இரண்டு கால் ரோபோவை அறிமுகப்படுத்தியபோது அதன் உயரம் 120 சென்டிமீட்டர். சுவிட்சும் கதவுப்பிடியும் எட்ட வேண்டும், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் பேச வேண்டும் என்று பார்த்து வைத்த அளவு அது. அந்த ஹோண்டாவே 1986இல் செய்த முதல் நடை இயந்திரம் ஓர் அடி எடுத்து வைக்க ஏறக்குறைய 5 நொடி எடுத்தது. இன்று டிஜிட் என்ற ரோபோ கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி கன்வேயரில் வைக்கிறது. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரித் தரை என்பதால் அங்கே பிழைத்துக்கொள்கிறது. வீடு அப்படியா இருக்கிறது?

கேள்வி: விழுந்தால் ரோபோவுக்கு வலிக்குமா என்று என் ஏழு வயது மகள் கேட்கிறாள்.

பதில்: வலிக்காது. ஆனால் விழப்போகிறோம் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த அரை நொடியில் கையை ஊன்றவோ, தலையிலுள்ள கேமராவைக் காக்கவோ சில ரோபோக்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 2015இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பா நடத்திய ரோபோ போட்டியில் கதவைத் திறக்கப் போய், காரிலிருந்து இறங்கப் போய் ரோபோக்கள் தொப்தொப்பென்று விழுந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது. மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.