மகளுக்கு சாட்டிலைட் வானிலை ஆராய்ச்சி வேண்டுமாம், எந்தப் படிப்பில் சேர்ப்பது?

சார், மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், செயற்கைக்கோளை வைத்து வானிலையும் சுற்றுச்சூழலும் ஆராய வேண்டும் என்கிறாள், அதற்காக ஒரு தனியார் கல்லூரியில் ஏரோஸ்பேஸ் சீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். ஏரோஸ்பேஸ் படித்தவர் விமானமும் ராக்கெட்டும் செய்வார். செயற்கைக்கோள் மேலே போன பிறகு அது அனுப்பும் அளவீட்டை வைத்து நாளைய மழையைச் சொல்வது வேறு ஆட்களின் வேலை, அதற்குப் படிப்பும் வேறு. விளம்பர நோட்டீஸில் இரண்டையும் ஒரே படத்தில் போட்டுவிடுவதால்தான் இத்தனை குழப்பம்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் அகச்சிவப்புப் படத்தில் மழை தெரியாது சார், மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதுதான் தெரியும். உச்சி மைனஸ் 70 டிகிரி என்றால் மேகம் வெகு உயரம் எழும்பியிருக்கிறது, கீழே பலத்த மழை இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். அதிக உயரம் போகாத மேகமும் சில சமயம் கொட்டித் தீர்க்கும், உயரத்தில் படர்ந்த மெல்லிய மேகம் ஒரு சொட்டுகூடத் தராமல் கலைந்துபோகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அன்று பெயர் வைத்த புயல் எதுவும் பக்கத்தில் இல்லை, வெறும் காற்றுச் சுழற்சிதான். ஆக, மழைமானி, ரேடார், செயற்கைக்கோள் மூன்றும் சொல்வதை ஒப்பிட்டு எது எங்கே பிசகுகிறது என்று தேடுவதிலேயே இந்த ஆராய்ச்சியின் பெரும்பொழுது போகும். அப்புறம் அந்த அளவீடுகளை வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிக்குள் ஏற்றும் வேலை இருக்கிறது, டேட்டா அசிமிலேஷன் என்பார்கள், அது முழுக்க முழுக்கக் கணக்கு.

இதெல்லாம் மகளுக்குப் பிடிக்குமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம், பைசா செலவில்லை. இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்தால் இன்சாட் தரவு இலவசம். ஒரு கோப்பை இறக்கி பைத்தான் என்ற கணினி மொழியில் திறக்கச் சொல்லுங்கள். அழகான படம் எதுவும் வராது. ஒவ்வொரு புள்ளியிலும் 0 முதல் 1023 வரை ஏதோ ஒரு எண் இருக்கும், அதே கோப்பில் உள்ள அட்டவணையைப் பார்த்து அதைக் கெல்வின் வெப்பநிலையாக மாற்ற வேண்டும், அப்புறம் அதன்மேல் கரையோரக் கோட்டைப் பொருத்த வேண்டும். முதல் தடவை தமிழ்நாடு தலைகீழாகக்கூட வரும். அதில் எரிச்சல்பட்டு மூடி வைத்துவிட்டாளா, இல்லை சோற்றுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லையா என்று கவனியுங்கள். எந்த ஆப்டிட்யூட் டெஸ்டையும்விட நான் இதைத்தான் நம்புவேன்.

சரி, படிப்பு. என் கணிப்பில் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், கணிதத்தை விடாமல், கூடவே புரோகிராமிங். "வெறும் பி.எஸ்சி.யா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். பிறகு கொச்சிப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் வளிமண்டல அறிவியலில் முதுகலை. பொறியியல்தான் வேண்டும் என்றால் கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது, பொது கவுன்சலிங்கிலேயே கிடைக்கும், வெள்ளம், ஏரி, காடு, நகரம் என்று நிலத்தைப் பார்க்கும் பக்கத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் இந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி வருகின்றன. 2025 ஜூலையில் போன நிசார் 12 நாளுக்கொரு முறை அதே இடத்தைத் திரும்பப் பார்க்கும்படி அமைக்கப்பட்டது. ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் வந்தால் திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புகளுக்கென்றே இருக்கும் ஐஐஎஸ்டியையும் பாருங்கள்.

வேலைக்கு வருவோம். ஒளிக்காமல் சொல்கிறேன், இது சீக்கிரம் சம்பாதிக்கும் பாதை இல்லை. வானிலைத் துறையில் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிக்கு மத்திய அரசின் எஸ்எஸ்சி தேர்வு உண்டு, முதல் வகுப்பில் இயற்பியல் பட்டம் போதும், ஆனால் வருஷா வருஷம் ஆள் எடுப்பதில்லை. ஆராய்ச்சியாளர் ஆக வேண்டுமென்றால் பிஎச்.டி. வரை போக வேண்டும். பிஎச்.டி. செய்யும்போது ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், வீட்டுவாடகைப் படி தனி, உங்களிடம் கை நீட்ட வேண்டியிருக்காது. முக்கியமான நிறுவனங்கள் புனே, அகமதாபாத், ஹைதராபாத், நொய்டா என்று சிதறிக் கிடக்கின்றன, சென்னையிலேயே இருக்க வேண்டும் என்றால் பள்ளிக்கரணையில் உள்ள கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடி மாதிரி ஒன்றிரண்டுதான். பெண்ணை வெளியூர் அனுப்ப உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள், முதுகலை சீட் கிடைத்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

தனியாரிலும் வழி இருக்கிறது. பெங்களூரின் பிக்சல், சாட்ஷ்யூர் போன்ற நிறுவனங்களில் இதே மாதிரி செயற்கைக்கோள் தரவைக் கையாளும் வேலைதான். பிஎச்.டி. பாதியில் அலுத்துப்போனாலும் பைத்தானும் புள்ளியியலும் கையில் இருக்கும் பெண்ணுக்கு வேறு துறைகளும் கதவைத் திறக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இயற்பியல், கணித மதிப்பெண் இரண்டை மட்டும் எனக்கு அனுப்புங்கள், எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்ப்போம்.