சிலம்ப ஆசான் மூன்று மாதமாகக் காலடி மட்டுமே சொல்லித் தருகிறார், கம்பே தரவில்லை. அவரை நம்பலாமா?

கம்பு தராததை வைத்து அவரைச் சந்தேகப்படாதீர்கள். காலடி ஏறாதவர் கையில் கம்பைக் கொடுத்தால், அடி வரும்போது காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் வளைப்பார். தலை, அடி விழும் இடத்திலேயே நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்த மாதங்கள். ஆனால் "இந்தக் காலடி எதற்கு?" என்று நீங்கள் கேட்டால், எந்த அடிக்கு எந்தக் கால் விலக வேண்டும் என்று அவர் வைத்துக் காட்ட வேண்டும். "சொன்னதைச் செய்" என்பது மட்டுமே பதிலென்றால் எனக்கு அது பிடிக்காது.

கம்பு கைக்கு வரும் நாளைக் கவனியுங்கள். உங்கள் புருவம் வரை அளந்து தருகிறாரா? கணுக்களைத் தடவி, தரையில் தட்டி ஓசை கேட்கிறாரா? வெடித்த மூங்கில் கரகரவென்று ஒலிக்கும். மோதினால் பிளந்து சிலாம்பு கண்ணுக்குப் பறக்கும். சுழற்றும்போது ஆளுக்கு ஆள் இரண்டு கம்பு நீளமாவது இடைவெளி வேண்டும். முப்பது பேரை நெருக்கி நிறுத்திச் சுழற்றச் சொல்பவரிடம் பிள்ளைகளை விடாதீர்கள்.

உண்மையான நம்பிக்கை ஜோடிப் பயிற்சியில்தான் வளரும். முதலில் ஆசான் "தலை", "இடுப்பு", "முழங்கால்" என்று சொல்லிவிட்டு மெதுவாக வீச வேண்டும். கம்பு உடலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் தடுக்க வேண்டாம், கண்ணை மூடாமல் நின்றால் போதும். இமை நிலைத்த பிறகே தடுப்பு. தடுப்பில் அடிபடுவது பெரும்பாலும் விரல்: பயத்தில் கை நடுக்கம்புக்கு நழுவும், எதிர்க்கம்பு வழுக்கி வந்து விரல் முட்டியில் விழும். அதனால் வேகத்தைக் கூட்டும்போது இலக்கை மாற்றக் கூடாது, இலக்கை மாற்றும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது. "தலை" என்று சொல்லிவிட்டு முழங்காலில் போட்டு "எப்போதும் விழிப்பாக இருக்கணும்" என்பவர், மூன்று மாத உழைப்பை ஒரே அடியில் கெடுக்கிறார். அதன்பிறகு மாணவர் கம்பைப் பார்க்க மாட்டார், ஆசானின் முகத்தைத்தான் பார்ப்பார். சொல்லாமல் வீசும் கட்டமும் உண்டு. அதை "இனி சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் தொடங்க வேண்டும்.

அடுத்து முறை மாற வேண்டும். ஆசான் பத்து அடி வீசினால், மாணவரின் பத்து அடியையும் அவர் வாங்க வேண்டும். வீசும் கை நடுங்குகிறதா, நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று அவருக்குத் தெரியும் இடம் இதுதான். நம்பிக்கை அவருக்கும் வேண்டுமே.

ஆசானைச் சோதிக்கச் சொல்லித் தருகிறேன் என்று சிலர் கோபப்படலாம். ஊருக்கு ஊர் பாடமுறை மாறும், ஒப்புக்கொள்கிறேன். கம்பு சொன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்பது எந்த ஊரிலும் மாறாது.

வேறொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது நமக்குப் பெருமை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் பெருமைதான். ஆனால் அதைக் காட்டியே, காலடி தெரியாத பிள்ளைக்கு அலங்கார வீச்சு மட்டும் பழக்கி, சான்றிதழுக்குப் பணம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அவர்களோடு ஒப்பிட்டால் மூன்று மாதம் காலடி ஏற்றுபவர் எவ்வளவோ மேல்.

பெண் பிள்ளைகளின் நிலையைத் திருத்தும்போது கையால் தொடாமல் கம்பு நுனியால் முழங்கையையோ முழங்காலையோ காட்டினாலே போதும். தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் வகுப்பு வேண்டாம். தப்பு நடந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தயங்காமல் அழையுங்கள்.

யாருக்காவது தலையில் அடிபட்டால் அன்றைக்கு அந்த மாணவருக்குப் பயிற்சி முடிந்தது. வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. "இதெல்லாம் சகஜம், எழுந்து நில்" என்று உங்கள் ஆசான் சொன்னால், அன்றே வேறு ஆசானைத் தேடுங்கள்.