பழைய கிண்டிலில் டெர்மினல் ஓட்டலாமா?

கேள்வி: வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. லேப்டாப் திரையையே பார்த்துக் கண் எரிகிறது. அலமாரியில் தூங்கும் பழைய கிண்டில் மின்நூல் கருவியை அதற்கு டெர்மினலாக, அதாவது கட்டளை தட்டிப் பதில் பார்க்கும் திரையாக, வைத்துக்கொள்ள முடியுமா? பையில் டிடிஒய்டி (ttyd) என்ற நிரலைப் போட்டால் கிண்டில் பிரவுசரிலேயே ஷெல், அதாவது கட்டளை தட்டும் இடம், வந்துவிடும் என்கிறார் நண்பர். யாராவது உள்ளே புகுந்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: முடியும், ஆனால் கிண்டிலில் டைப் செய்யும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு எழுத்தைத் தொட்டால் அது திரையில் தெரியக் கொஞ்சம் நேரம் ஆகும், அதற்குள் வரவில்லையோ என்று இன்னொரு முறை தொட்டுவிடுவீர்கள், அழிக்கப் போனால் அழித்த எழுத்தின் சாயல் மங்கலாக அங்கேயே நிற்கும். கீபோர்டைப் பையில் செருகி, டீமக்ஸில் (ஒரே டெர்மினலைப் பல திரைகளில் காட்டும் நிரல், tmux) ஒரு செஷன் திறந்து, அதே செஷனைக் கிண்டில் காட்ட மட்டும் செய்தால் சுகமாக இருக்கும். எந்த நிரல் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாப் (top) மாதிரி தானாக மாறும் திரை என்றால் இடைவெளியை 3 விநாடியிலிருந்து 30 ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரை மினுக்கிக்கொண்டே இருக்கும்.

சரி, பயத்துக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் முதலில் பயப்பட வேண்டியது கிண்டிலைப் பார்த்து அல்ல, பையில் நீங்கள் திறந்து வைக்கும் கதவைப் பார்த்து. டிடிஒய்டி தானாகப் பாஸ்வேர்டு கேட்காது. 7681 போர்ட் என்ற நெட்வொர்க் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு யார் வந்தாலும் உள்ளே விடும். புதிய பதிப்புகளில் நாமாகச் சொன்னால்தான் டைப் செய்ய விடும், பழையதில் அந்தத் தயவும் கிடையாது. பையில் முதலில் உருவாக்கிய பயனருக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டு இல்லாமலேயே சூடோ, அதாவது முழு நிர்வாக அதிகாரம் தரும் கட்டளை, ஓடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், வந்தவருக்கு வீட்டுச் சாவி மொத்தமும் கையில். நான் இப்படி வைத்திருந்த ஒரு நாள், தங்கை பையன் தன் போனில் அந்த முகவரியைத் தட்டியிருக்கிறான், என் கிண்டில் திரையில் ஒவ்வொரு எழுத்தாக அவன் பெயர் வந்தது. விளையாட்டுப் பிள்ளை, அதோடு விட்டான்.

பாஸ்வேர்டு போட்டாலும் அது குறியாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியில் போனால், வைஃபையில் ஒட்டுக் கேட்பவர் அப்படியே படித்துவிடலாம். ரவுட்டரில் அந்தப் போர்ட்டை வெளியே திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இணையம் முழுக்கப் போர்ட் போர்ட்டாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓய்வதே இல்லை.

பழைய பிரவுசருக்கு டிடிஒய்டி ஒத்துவராமல் பக்கம் வெள்ளையாக நின்றுவிடவும் கூடும். அப்போது ஜெயில்பிரேக் செய்து (அமேசான் போட்ட பூட்டை உடைத்து) கேடெர்ம் என்ற டெர்மினல் செயலியைப் போடலாம் என்று அடுத்த யோசனை வரும். அங்கேதான் கிண்டிலும் கவலைக்குரிய பொருளாகிறது. ஜெயில்பிரேக் போய்விடக் கூடாதே என்று பலர் அப்டேட்டை நிறுத்திவிடுவார்கள். 2021 ஜனவரியில் வெளியே சொல்லப்பட்ட கிண்டில்டிரிப் ஓட்டை நினைவிருக்கிறதா? மின்னஞ்சலில் ஒரு புத்தகத்தை அனுப்பி, படிப்பவர் அதைத் திறந்து உள்ளே ஒரு இணைப்பைத் தொட்டாலே கிண்டிலில் ரூட் என்ற முழு அதிகாரத்தைப் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். கண்டுபிடித்தவருக்கு அமேசான் 18,000 டாலர் கொடுத்தது. அதை அடைத்தது கிண்டில் மென்பொருளின் 5.13.4 பதிப்பு. அதற்கு முன்பே உறைந்துபோன கிண்டிலில் அந்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கக்கூடும், அதில் உங்கள் அமேசான் கணக்கும் லாகின் ஆகியிருக்கும்.

கோரீடர் என்ற புத்தகம் படிக்கும் செயலியைப் போட்டால் அதன் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) சர்வரில் பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் வசதி ஒன்று உண்டு, மெனுவிலேயே ஆபத்து என்று எழுதியிருக்கிறார்கள், அதில் டிக் போடாதீர்கள். கிண்டிலிலிருந்து ராஸ்பெர்ரி பைக்குள் போக உங்கள் வழக்கமான எஸ்எஸ்எச் சாவியை (பாஸ்வேர்டுக்குப் பதில் நுழைய விடும் கோப்பு) அதில் வைக்காதீர்கள். பாஸ்கோட் இல்லாத கிண்டிலை ஒரு யூஎஸ்பி கேபிளில் செருகினால் போதும், காப்பி எடுத்துவிடலாம். தனியாக ஒரு சாவி செய்து, எந்தச் சாவிகளை உள்ளே விடலாம் என்று பட்டியலிடும் பையின் ஆத்தரைஸ்டு கீஸ் (authorized_keys) கோப்பில் அந்தச் சாவிக்கு டீமக்ஸைப் படிக்க மட்டும் திறக்கும் ஒரே கட்டளையைக் கட்டிவிடுங்கள். கிண்டில் தொலைந்தால் அந்த ஒரு வரியை அழித்தால் வேலை முடிந்தது.

கேள்வி: இதையே ரயில் நிலைய வைஃபையிலும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் சார். போனில் ஒரு எஸ்எஸ்எச் செயலி போட்டுக்கொள்ளுங்கள், கிண்டிலில் நாவல் படியுங்கள்.