பிசியோதெரபி படிக்கலாமா? மகளைப் பற்றிக் கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் மடலில் இரண்டு பயம் தெரிகிறது. பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பதும் கைகால் பிடித்துவிடுவதும்தானே, அதற்கு எதற்கு இத்தனை வருடப் படிப்பு என்பது ஒன்று. மகள் படித்து முடிப்பதற்குள் ரோபோவும் செல்போன் செயலியும் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. சம்பளம், கல்லூரி என்று நாம் பேசுவதற்கு முன்னால், அந்தத் துறையின் ஆராய்ச்சிகள் சமீப வருடங்களில் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. உங்கள் இரண்டு பயத்துக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கரண்ட் விஷயம். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் ஒதுக்கப்பட்டவற்றில் டென்ஸ் என்கிற மின்தூண்டல், ஒலி அலையால் கொடுக்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, முதுகை இழுத்துப் பிடிக்கும் டிராக்ஷன், இடுப்பு பெல்ட் எல்லாம் இருக்கின்றன. உடற்பயிற்சி, வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பது போன்றவை பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன. (மசாஜையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். நாம் நியாயமாகவே பேசுவோம்.) ஆக, பிசியோதெரபி என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் படத்தை அந்தத் துறையே ஓரங்கட்டிக்கொண்டிருக்கிறது. கருவியின் சுவிட்சைப் போட மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வருபவர்களுக்கு இனி சிரமம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, வெறும் உடற்பயிற்சி சொல்வதற்குப் பட்டம் எதற்கு? 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றைப் பாருங்கள். இடுப்புவலி வந்து அப்போதுதான் குணமான 701 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும் நடைப்பயிற்சி, கூடவே ஆறு மாதத்தில் ஆறு முறை பிசியோதெரபிஸ்டோடு சந்திப்பு. மறுபாதிக்கு எதுவும் இல்லை. அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி திரும்பி வர, நடந்தவர்களுக்கு நடுமதிப்பாக (அதாவது, பாதிப் பேருக்கு வலி திரும்பிவிட ஆன காலம்) 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். நடந்தால் நல்லது என்று யாருக்குத்தான் தெரியாது? நாலு நாள் நடந்துவிட்டு நிறுத்தாமல் ஆறு மாதம் நடக்கவைப்பதுதான் கஷ்டம். எங்கே தொடங்குவது, எவ்வளவு கூட்டுவது, கொஞ்சம் வலித்ததும் பயந்து உட்கார்ந்துவிட்டவரிடம் என்ன பேசுவது என்பதெல்லாம் படித்துப் பழகி வர வேண்டியவை.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடமாடவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைச் சோதிக்க ஐந்து நாடுகளில் 56 பக்கவாதப் பிரிவுகளில் 2,104 நோயாளிகளை வைத்து அவெர்ட் என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2015-இல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிகமாகப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம். அதே தரவுகளைப் பின்னர் இன்னும் நுணுக்கமாக அலசியபோது, சிறிது நேரமாக ஆனால் அடிக்கடி எழுப்பப்பட்டவர்களிடம் நல்ல பலனும், ஒரு நாளின் மொத்த நிமிடங்கள் கூடியவர்களிடம் அதற்கு நேர்மாறான பலனும் தெரிந்தது.

கட்டிலோரத்தில் இது எப்படி இருக்கும் என்று உங்கள் மகள் நேரில் பார்க்க வேண்டும். நோயாளியைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி உட்காரவைக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து ஊன்றுகிறார்கள். மூக்கு கால்விரலைத் தாண்டும் அளவுக்கு முன்னால் குனியச் சொல்கிறார்கள், அப்போதுதான் எடை காலுக்கு இறங்கும். பலமில்லாத முழங்கால் மடங்கிவிடாமல் தெரபிஸ்ட் தன் முழங்காலால் முட்டுக் கொடுக்கிறார். எழுந்ததும் முகம் வெளுக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று கண் அங்கேயே இருக்கிறது. இன்றைக்கு இது போதுமா, இன்னொரு தடவை எழுப்பலாமா? அந்த முடிவுக்குத்தான் இத்தனை வருடப் படிப்பு.

இப்போது ரோபோ. பக்கவாதத்தால் கை விழுந்தவர்களுக்கு ரோபோ உதவியோடு பயிற்சி கொடுத்த பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது, 2019-இல் வெளியானது. மொத்தம் 770 பேர். வழக்கமான சிகிச்சையைவிட ரோபோப் பயிற்சி கையின் செயல்பாட்டைக் கூடுதலாக மேம்படுத்தவில்லை. அதற்காகக் கருவிகளே வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2021-இல் வந்த இன்னோர் ஆய்வில், பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் ஆகியும் கை சரியாக வராத 108 பேருக்கு, கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டும் சிறு கருவியை அறுவை செய்து பொருத்தினார்கள். எல்லோருக்கும் ஒரே கடுமையான கைப்பயிற்சி, ஆனால் சுமார் பாதிப் பேருக்குத்தான் உண்மையான மின்துடிப்பு. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் துடிப்பு பெற்றவர்களில் 47 சதவீதம், பெறாதவர்களில் 24 சதவீதம். எனக்கு இதில் பிடித்த விவரம் வேறு: நோயாளி பொருளை எட்டிப் பிடிக்கும் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தி மின்துடிப்பைக் கொடுப்பவர் தெரபிஸ்ட்தான். துடிப்பே போகாதவர்களிலும் ஏறக்குறைய கால்வாசிப் பேர் பயிற்சியால் முன்னேறியிருக்கிறார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

வீடியோ அழைப்பு வழியே சிகிச்சை வருகிறதே என்றால், ஆமாம், வருகிறது. நாள்பட்ட முழங்கால் வலிக்கு அது நேரில் பார்ப்பதற்குச் சளைத்ததல்ல என்று 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் திரையின் மறுபக்கத்தில் இருந்தவரும் பிசியோதெரபிஸ்ட்தான். தேவைக்கும் குறைவில்லை. 2019 கணக்குப்படி, மறுவாழ்வு சிகிச்சையால் (நோயோ காயமோ வந்தபின் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்ப உதவும் சிகிச்சை) பயன்பெறக்கூடிய உடல்நிலையோடு உலகில் 241 கோடிப் பேர் இருந்தார்கள், மூன்றில் ஒருவர். ஆனால் தேவை இருப்பது வேறு, சம்பளம் தரும் இடம் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் கல்லூரி விளம்பரங்களை நம்பாதீர்கள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். உடலுழைப்பு அதிகம். மற்றவர் இடுப்புவலியைப் பார்ப்பவர்களுக்கே இடுப்புவலியும் கட்டைவிரல் வலியும் வருவது இந்தத் தொழிலில் சகஜம். முன்னேற்றம் மெதுவாக வரும், சில நோயாளிகளுக்கு வரவே வராது. தொடக்கச் சம்பளம் பல இடங்களில் படிப்பின் நீளத்துக்கு ஈடாக இருப்பதில்லை. மருத்துவப் படிப்பு கிடைக்கவில்லை, சரி இதையாவது படிக்கலாம் என்று வருகிறவர்களை நான் பெரும்பாலும் தடுப்பேன். இரண்டாம் வருடத்திலேயே கசந்துவிடும்.

உங்கள் மகள் அந்த வகையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பெட்ரோ என்று ஓர் இலவச இணையத் தரவுத்தளம் உண்டு. 1999-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, பிசியோதெரபி ஆய்வுகளைத் தேடித் தொகுத்து, அவற்றின் தரத்துக்குப் பத்துக்கு மதிப்பெண்ணும் போட்டுத் தருகிறது. அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒரு தலைப்பில், விளையாட்டுக் காயமோ குழந்தைகளின் பெருமூளை வாதமோ, இரண்டு ஆய்வுச் சுருக்கங்களைப் படிக்கட்டும். எல்லாம் புரிய வேண்டியதில்லை. 'ஏன் இப்படி வந்தது?' என்று அவளுக்குக் கேள்வி எழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் அனுமதி வாங்கி, ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். அலுப்புத் தட்டினால் அதையும் நேர்மையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை: பக்கவாதப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனை இணைந்திருக்கிறதா? நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி எந்த ஆண்டில் தொடங்குகிறது? மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் வழக்கம் உண்டா? கருவிகள் நிறைந்த கூடத்தைக் காட்டிவிட்டு இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணம் அவளுக்கு இருந்தால், அந்த நாட்டின் பதிவு அமைப்பு இந்தப் பட்டத்தை ஏற்குமா, தனித் தேர்வு வைக்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே அந்த அமைப்பின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும், கல்லூரி சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த மடலை அவளையே எழுதச் சொல்லுங்கள், படித்த இரண்டு ஆய்வுகளைப் பற்றியும்.